1.2 நார்மல் என்றீர்கள்: பக்கவாதப் பிரிவு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பக்கவாதச் சிகிச்சைப் பிரிவுகளை நடத்தும் மருத்துவர்களுக்கும், அங்கே டிஸ்சார்ஜ் படிவம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் குழுக்களுக்கும்,

போன மாதம் எனக்கு மூன்று வரியில் ஒரு பதில் வந்தது. "நோயாளிக்கு நெறிமுறைப்படியே சிகிச்சை அளிக்கப்பட்டது. சேர்க்கையின்போது கிரியேட்டினின் 1.2, நார்மல். டிஸ்சார்ஜ் படிவத்தில் மாற்றம் தேவை எனக் குழு கருதவில்லை." என் அம்மாவைக் கவனித்த பிரிவு அனுப்பிய பதில் இது. கிரியேட்டினின் என்பது சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண். நான் கேட்டதோ அந்தப் படிவத்தில் சிறுநீரகத்துக்கு ஒரு வரி இடம். நஷ்டஈடு கேட்கவில்லை, யாரையும் தண்டிக்கச் சொல்லவில்லை.

அந்த மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பதில் வந்த பிறகு, வீட்டில் பக்கவாதம் பார்த்த நாலைந்து குடும்பங்களிடம் அவர்களுடைய டிஸ்சார்ஜ் தாள்களை வாங்கிப் படித்தேன். வெவ்வேறு இடங்களில் எழுதப்பட்ட தாள்கள். மூளை ஸ்கேன் பற்றி அரைப் பக்கம், இதய எக்கோ பற்றி நாலு வரி, கொழுப்பு, சர்க்கரை எல்லாம் இருந்தன. சிறுநீரகம் எதிலும் இல்லை. அதனால்தான் இந்த மடலை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 1.2-ஐப் பற்றிப் பேசிவிடலாம்.

அம்மாவுக்கு அப்போது 76 வயது, எடை 48 கிலோ. ஒரு நாள் காலையில் இடது கை துவண்டு, வாய் கோணிப்போனது. நாலரை மணி நேரக் கெடுவுக்குள் கொண்டுவந்து சேர்த்தோம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டீர்கள், பேச்சு திரும்பியது. அதில் எனக்குக் குறை ஏதும் இல்லை. அன்றைக்கே எடுத்த ரத்தத்தில் கிரியேட்டினின் 1.2 என்று வந்தது. பரிசோதனைத் தாளில் பக்கத்திலேயே அச்சாகியிருந்த வரம்புக்குள் அது இருந்ததால் யாரும் அதன் கீழ் கோடு போடவில்லை.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. தசை குறைந்த உடம்பில் அது உருவாவதே குறைவு. ஆகவே அதை வெளியேற்றும் சிறுநீரக வடிகட்டி பாதி அடைத்துக்கொண்டிருந்தாலும் ரத்தத்தில் எண் அதிகமாக ஏறாது. இது உங்களுக்குத் தெரியாதா என்ன? முதலாண்டுப் பாடம். ஆனாலும் நான் ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிடும், 2021-ல் திருத்தப்பட்ட சி.கே.டி.-எபி சூத்திரத்தில் 1.2-ஐ 25 வயது ஆணுக்குப் போட்டால் அந்த வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 86 மி.லி. என்று வருகிறது. அதே 1.2-ஐ 76 வயதுப் பெண்ணுக்குப் போட்டால் 47. மருந்தின் அளவைத் தீர்மானிக்க நீங்கள் பயன்படுத்தும் 1976-ஆம் ஆண்டுக் காக்ராஃப்ட்-கால்ட் சூத்திரத்தில் அம்மாவின் 48 கிலோவையும் சேர்த்துப் போட்டால் 30. அறுபதுக்குக் கீழே மூன்று மாதம் நின்றால் அது நாள்பட்ட சிறுநீரக நோய் என்பது உங்கள் வரையறைதான். எங்கள் வீட்டு அலமாரியில் அதற்கு முந்தைய வருடத்து ரத்தப் பரிசோதனைத் தாள் கிடந்தது. அதிலும் 1.2. கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பேன். யாரும் கேட்கவில்லை.

உங்கள் "நார்மல்" இதுதான்.

அம்மாவின் கைகால் பலத்தைப் பூஜ்யத்திலிருந்து 42 வரை போகும் அளவுகோலில் ஒரு நாளைக்கு மூன்று வேளை மதிப்பெண் போட்டுக் குறித்தீர்கள். கண் அசைவு, முகக் கோணல், நாக்குக் குழறல், எல்லாவற்றுக்கும் எண் இருந்தது. அந்த அக்கறையை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். அதே கேஸ் ஷீட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த வயதையும் எடையையும் கிரியேட்டினினையும் ஒரு சூத்திரத்தில் போட ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடம் யாருடைய வேலை என்பது மட்டும் முடிவாகவில்லை.

அடுத்து நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். விழுங்கும் சோதனையில் அம்மா தேறவில்லை. புரையேறும் என்று வாய்வழி எதுவும் கொடுக்க வேண்டாம் என்றார்கள். சரியான முடிவு. மூக்குக் குழாய் போடுவது மறுநாள், அதற்கு மறுநாள் என்று தள்ளிப்போனது. டிரிப்ஸ் ஒன்று ஏறியது, முடிந்தது, அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெளிவில்லை. செயலிழந்த பக்கத்துத் தோள்பட்டை வலியில் அம்மா முனகினார். அதற்கு டைக்ளோஃபெனாக் ஊசி, மூன்று நாளில் ஐந்து முறை. குழாய் போட்டதும் பழைய பிரஷர் மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊற்றினார்கள். டெல்மிசார்டானோடு நீர் பிரிக்கும் மருந்தும் சேர்ந்த மாத்திரை அது.

இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குப் பிற்பாடு ஒரு சிறுநீரக மருத்துவர் விளக்கினார். சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் உள்ளே வரும் மதகு ஒன்று, வெளியே போகும் மதகு ஒன்று. வலி ஊசி வரும் மதகை இறுக்குகிறது. டெல்மிசார்டான் போகும் மதகைத் திறந்துவிடுகிறது. நீர் பிரிக்கும் மருந்தும் தாகமும் சேர்ந்து வாய்க்காலிலேயே தண்ணீரைக் குறைத்துவிடுகின்றன. உள்ளே அழுத்தம் இல்லாமல் எதை வடிகட்டுவது? பக்கவாத நோயாளி தாகம் என்று சொல்ல முடியாதவர், சொன்னாலும் குடிக்க முடியாதவர். இந்தக் கூட்டுச் சேர்க்கை வேறு எந்த வார்டையும்விட உங்கள் வார்டில்தான் எளிதாக அமையும்.

மூன்றாம் நாள் முழுக்கவும் யூரின் பையில் சேர்ந்தது 400 மி.லி. அதை ஒரு நர்ஸ் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் மணிக்கு அரை மி.லி. என்பது குறைந்தபட்சக் கணக்கு. அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 576 வர வேண்டும். தாளில் எழுதியதை யாரும் வகுத்துப் பார்க்கவில்லை. நாலாம் நாள் கிரியேட்டினின் 1.9. ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கு ஏறினால் அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு என்று சர்வதேச சிறுநீரக அமைப்பான கே.டி.ஐ.ஜி.ஓ. 2012-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. 1.2-க்கு ஒன்றரை மடங்கு 1.8. எங்களிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் 1.6 ஆனதும் வீட்டுக்கு அனுப்பினீர்கள்.

அந்த 1.6 முன்னேற்றம்தானா என்பதே எனக்கு இப்போது சந்தேகம். படுத்த படுக்கையில், ஒரு பக்கம் அசையாமல் கிடந்த உடம்பில், தசை நாளுக்கு நாள் கரைகிறது. தசை கரைந்தால் கிரியேட்டினின் உருவாவதும் குறைகிறது. சிறுநீரகம் தேறாமலேயே எண் மட்டும் இறங்கி நல்ல பெயர் வாங்கிவிடலாம். தசையை நம்பாத சிஸ்டாட்டின்-சி என்றொரு பரிசோதனை இருக்கிறது என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டது அம்மா போன பிறகு.

டிஸ்சார்ஜ் தாளில் ஒன்பது மருந்துகள். கை விறைப்புக்கு பேக்லோஃபென் 10 மி.கி., தினமும் மூன்று வேளை. உடம்புக்குள் போகும் பேக்லோஃபெனில் பெரும்பங்கு உருமாறாமல் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. வழி அடைத்திருந்தால் அது தேங்கும், தேங்கினால் மூளையை மயக்கும். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் அம்மா எங்களை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஐந்தாம் நாள் எழுப்பினாலும் எழவில்லை. இரண்டாவது ஸ்ட்ரோக் என்றே எல்லோரும் நினைத்தோம், நான் உட்பட. அழுதுகொண்டே வேறொரு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே பணியில் இருந்த இளம் மருத்துவர் ஸ்கேனைப் பார்த்தார், புதிதாக ஒன்றும் இல்லை. மருந்துச் சீட்டைப் பார்த்தார். நிமிர்ந்து, "அம்மாவுக்குக் கிட்னி எப்படி இருக்குன்னு சொன்னாங்களா?" என்றார்.

இரண்டு வாரத்தில் அந்தக் கேள்வி என் காதில் விழுந்தது அதுவே முதன்முறை.

கிரியேட்டினின் 2.8. பேக்லோஃபெனை நிறுத்தி டயாலிசிஸ் செய்தார்கள். இரண்டாவது டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலை அம்மா கண்ணைத் திறந்து, ஏன் எல்லாரும் இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார். மூளையில் எதுவும் நடக்கவில்லை. மருந்து போக வழியில்லாமல் நின்றது, அவ்வளவுதான்.

இது அபூர்வமான விபத்து என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். கனடாவின் ஒன்டாரியோவில் சிறுநீரக நோய் உள்ள ஏறத்தாழ 16,000 முதியவர்களைப் பார்த்து 2019-ல் வெளியான ஆய்வில், பேக்லோஃபெனை நாளுக்கு 20 மி.கி.யோ அதற்கு மேலோ தொடங்கியவர்களில் 1000-க்கு 11 பேர் ஒரே மாதத்துக்குள் மூளை மந்தத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 20-க்குக் குறைவாகத் தொடங்கியவர்களில் 4 பேர். மருந்தே எடுக்காதவர்களில் ஒருவர்கூட முழுதாக இல்லை. அம்மாவுக்கு எழுதப்பட்டது 30.

மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு, இது எங்கள் துறை இல்லையே என்று வார்டில் ஒரு மருத்துவர் என்னிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நினைத்துச் சொன்னார். ஆனால் இந்த இரண்டு உறுப்புகளைப் போல ஒன்றுக்கொன்று நெருங்கியவை உடம்பில் குறைவு. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சிறுநீரகங்கள் இழுத்துக்கொள்கின்றன. மூளையின் பங்கும் கிட்டத்தட்ட அதை எட்டுகிறது. இரண்டிலும் பெரிய குழாயிலிருந்து நேராகப் பிரியும் மெல்லிய தமனிகள், இடையில் அழுத்தத்தைத் தணிக்கப் படிப்படியான கிளைகள் இல்லாமல், முழு வேகத்தையும் தாங்குகின்றன. பல வருடப் பிரஷரும் சர்க்கரையும் ஓரிடத்தில் அந்தக் குழாய்களைக் கெடுத்திருந்தால், இன்னோரிடத்தை விட்டுவைத்திருக்குமா? சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் சிறிதளவு கசிவது சிறுநீரகத்தின் செய்தி மட்டுமில்லை, மூளையின் ரத்தக் குழாய்களைப் பற்றிய செய்தியும்கூட. வடிகட்டும் வேகம் 60-க்குக் கீழே இருப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் 43 சதவீதம் அதிகம் என்று 2010-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது தெரிந்தது.

வந்த பிறகு? ஸ்காட்லாந்தில் 2,000-க்கும் அதிகமான பக்கவாத நோயாளிகளை 7 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்தபோது சிறுநீரகம் தளர்ந்திருந்தவர்கள் அதிகமாக இறந்திருந்தார்கள். மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தும் அந்த வித்தியாசம் போகவில்லை. 2009-ல் கிரேக்க ஆய்வாளர்கள், முதல் பக்கவாதத்தோடு வந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பைக் கண்டார்கள். பத்தாண்டுக் கணக்கில் அவர்களின் இறப்பு மற்றவர்களைவிட அதிகம். சேரும்போதே நாள்பட்ட சிறுநீரக நோயோடு வருபவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் என்று அமெரிக்கப் பதிவேட்டுத் தரவு காட்டுகிறது. உங்கள் வார்டில் முப்பது கட்டில் இருந்தால் பத்தில் என் அம்மா படுத்திருக்கிறார்.

சிறுநீரகத்தைக் கவனித்திருந்தால் அம்மா இன்று இருந்திருப்பார் என்று நான் வாதாட வரவில்லை. பக்கவாதத்துக்குப் பிறகு பதினான்கு மாதம் வாழ்ந்தார், ஒரு விடியற்காலையில் இதயம் நின்றது. மேலே சொன்ன ஆய்வுகளும் இது இருந்தால் அது அதிகம் என்றுதான் சொல்கின்றன, இதனால்தான் அது என்று நிரூபிக்கவில்லை. அந்த வித்தியாசம் எனக்குப் புரிகிறது. என் கேள்வி அதைவிடச் சின்னது. யார் அதிக ஆபத்தில் வீட்டுக்குப் போகிறார் என்று காட்டும் எண் கையில் இருக்கும்போது, அதை ஏன் படிக்காமல், எழுதாமல், சொல்லாமல் அனுப்புகிறீர்கள்?

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் இந்த மடல் தவறாகப் பயன்படும். சிறுநீரகம் பலவீனம் என்று தெரிந்ததும் சிலர் சிகிச்சையையே சுருக்கிவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவருக்குச் சாய மருந்து கொடுத்து எடுக்கும் ஸ்கேனை, கிட்னி ரிப்போர்ட் வரட்டும் என்று நிறுத்தி வைத்தார்கள். நான் கேட்பது அதை இல்லை. பெரிய ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், முன்பு சிறுநீரக நோய் இல்லாதவருக்கு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் ஸ்கேன் எடுக்கலாம் என்று வழிகாட்டிகளே சொல்கின்றன. சாய மருந்தின் ஆபத்து முன்பு நினைத்த அளவுக்கு இல்லை என்று 2020-ல் கதிரியக்க, சிறுநீரக அமைப்புகள் சேர்ந்து அறிக்கை விட்டன. கட்டி கரைக்கும் ஆல்டெப்ளேஸ் கல்லீரல் வழியாகக் கழிவது. டயாலிசிஸில் இருப்பவருக்கும், ரத்தம் உறையும் நேரம் சரியாக இருந்தால், அதைக் கொடுக்கலாம். முதல் மணி நேரத்தில் மூளைதான் முக்கியம். என் கோரிக்கை இரண்டாவது மணி நேரத்திலிருந்து தொடங்குகிறது.

இனி, நேரடியாகக் கேட்கிறேன்.

சேர்ந்த அன்றே ஒவ்வொரு நோயாளிக்கும் வடிகட்டும் வேகத்தைக் கணக்கிட்டு, கிரியேட்டினினுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். எடையைக் கண்ணால் மதிப்பிடாமல் எடுத்துப் பாருங்கள். பழைய ரத்தப் பரிசோதனைத் தாள் வீட்டில் இருக்கிறதா என்று குடும்பத்தைக் கேளுங்கள். முதல் வாரத்திலேயே சிறுநீரில் அல்புமின் பாருங்கள். காய்ச்சலோ தொற்றோ இருக்கும் நாளில் எடுத்தால் எண் தப்பாக வரும், ஆகவே மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

வாய்வழி எதுவும் கூடாது என்று எழுதும் பேனா, எந்த வழியாக எவ்வளவு நீர் என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். யூரின் அளவை நர்ஸ் எழுதினால், அதை எடையால் வகுத்துப் பார்ப்பவர் யார் என்று பெயர் சொல்லி நியமியுங்கள். குடும்பத்தில் ஒருவரிடம் அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தாலும் போதும், இரவு முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் விழித்திருப்பது நாங்கள்தான். தோள் வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வகை ஊசி மாத்திரைகளை, வேகம் 60-க்குக் கீழே உள்ளவருக்கு முதல் தேர்வாக எழுதாதீர்கள்.

வீட்டுக்கு அனுப்பும் முன், மருந்துப் பட்டியல் முழுவதையும் அந்த எண்ணோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். பேக்லோஃபென், நரம்பு வலிக்கான காபாபென்டின், வலிப்புக்கான லெவெடிராசெட்டாம், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஊசிகளும் மாத்திரைகளும். அந்த மாத்திரைகளில் டாபிகாட்ரான் ஏறத்தாழ 80 சதவீதம் சிறுநீரகம் வழியாகவே போகிறது, அபிக்சபானில் கால் பங்கு போல. இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்து எழுதக் கூடாது. மருந்தாளுநர் ஒருவர் இதைச் செய்ய முடியும் என்றால் கையெழுத்து அவருடையதாகவே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

டிஸ்சார்ஜ் தாளில் சேரும்போது, உச்சத்தில், போகும்போது என்று மூன்று எண்களும், அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதியில் என்பதும் இருக்க வேண்டும். "ஒரு மாதம் கழித்து வரவும்" என்பது போதாது. நாலாம் நாள் 1.9 ஆகிப் போனவருக்கு ஒரு வாரத்துக்குள் ரத்தம் பார்க்க வேண்டும். அதற்குக் கீழே, குடும்பத்துக்குப் புரியும் மொழியில் ஒரு வரி: திடீரென்று மயக்கமோ குழப்பமோ வந்தால் பக்கவாதம் என்று உடனே ஓடி வாருங்கள், வரும்போது மருந்துச் சீட்டையும் கொண்டுவாருங்கள், சிறுநீரகம் பற்றிக் கேளுங்கள். இந்த வரி எங்களிடம் இருந்திருந்தால் அந்த நாட்களில் அம்மா எங்களை அந்நியர்போல் பார்த்துக்கொண்டிருந்திருக்க மாட்டார்.

கடைசியாக, எனக்குப் பதில் எழுதிய குழுவுக்கு. உங்கள் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், எக்கோ முடிவுக்கும் உணவு ஆலோசனைக்கும் நடுவில் இரண்டு அங்குல வெற்றிடம் இருக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தேன். அதில் சிறுநீரகத்துக்கான அந்த வரியைச் சேர்த்து, திருத்திய படிவத்தின் நகல் ஒன்றை 30 நாளுக்குள் எனக்கு அனுப்புங்கள். சேர்க்க முடியாதென்றால் காரணத்தை எழுதுங்கள், கீழே ஒரு மருத்துவரின் பெயரோடு. "குழு கருதவில்லை" என்ற பதிலை நான் ஏற்கவில்லை.

இப்படிக்கு,
கேஸ் ஷீட்டில் "உடனிருப்பவர்: மகள்" என்று எழுதப்பட்டவள்